பதுங்குகுழிக் கவிஞர் – 9: விசாரணைக்குக் காத்திருந்தவர்

1917 ஜூலை முதல் வாரம். தோளில் பட்ட குண்டுக்காயம் ஆறிவிட்டது. விடுப்பு முடிந்துவிட்டது. ஆனால் இரண்டாம் லெப்டினன்ட் சீக்ஃப்ரீட் சசூன் தன் படைப்பிரிவுக்குத் திரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் தன் கட்டளை அதிகாரிக்கு ஒரு கடிதத்தையும், அதனுடன் ஓர் அறிக்கையையும் தபாலில் சேர்த்தார். கடந்த வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

இந்த வாரம் சேர்ந்துகொள்பவர்களுக்காகச் சில வரிகள். சசூன் 1886-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்து பெரும் வணிகம் கட்டிய டேவிட் சசூனின் கொள்ளுப்பேரன். மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக் இன்றும் அந்தக் குடும்பப் பெயரோடுதான் இருக்கிறது. தந்தை ஆல்ஃப்ரெட் வேறு மதத்தவரை மணந்ததால் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டார். மகன் குதிரை, நரி வேட்டை, கிரிக்கெட், கவிதை என்று வளர்ந்தார். 1914 ஆகஸ்டில் முதல் ஆட்களில் ஒருவராகப் படையில் சேர்ந்தார்.

1915-இல் தம்பி ஹேமோ கலிப்போலியில் இறந்தார். 1916 மார்ச்சில் உயிர்த் தோழர் டேவிட் தாமஸ் பிரான்ஸில் இறந்தார். அதன்பின் சசூன் இரவுகளில் எதிரியைத் தேடிப் போகத் தொடங்கினார். படைவீரர்கள் அவரை 'மேட் ஜாக்' என்று அழைத்தார்கள். குண்டுமழையில் ஒன்றரை மணி நேரம் நின்று, காயம்பட்டவர்களைத் தேடி மீட்டதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றார். 1917 ஏப்ரல் 16 அன்று, அராஸ் போரில், தோளைத் துளைத்த குண்டு அவரை லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது.

அந்த அறிக்கையை எழுதியவர் இவர்தான். போருக்கு அஞ்சியவர் என்று இவரை யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையின் பலமே அதில்தான் இருந்தது.

*

அறிக்கை நீளமானதல்ல. இராணுவ அதிகாரத்தை அறிந்தே மீறுகிறேன் என்ற அறிவிப்போடு அது தொடங்குகிறது. போரை முடித்துவைக்கும் அதிகாரம் உள்ளவர்களே அதை வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. தற்காப்புக்காகவும் விடுதலைக்காகவும் தொடங்கிய போர், இப்போது ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது என்கிறது. களத்தில் போர் நடத்தப்படும் விதத்தைப் பற்றி அதில் புகார் இல்லை. வீரர்களைப் பலிகொடுக்கும் அரசியல் பொய்களும், வீட்டில் இருந்தபடி அந்தத் துன்பத்தைக் கற்பனை செய்துபார்க்கக்கூட முயலாதவர்களின் மரத்துப்போன மனமுமே அதன் இலக்கு.

பின்னால் சிலர் இருந்தார்கள். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இருந்தார். போரெதிர்ப்புத் துண்டறிக்கைக்காக 100 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டு, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி விரிவுரையாளர் பதவியையும் 1916-இல் இழந்தவர் அவர். இலக்கிய விமர்சகர் ஜான் மிடில்டன் மரி அறிக்கையின் வாசகத்தைச் செதுக்க உதவினார். ஆட்டோலின் மாரல் சீமாட்டி தைரியம் சொன்னார். ஆனால் இவர்கள் தூண்டிவிட்டு சசூன் எழுதினார் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அராஸில் பிரிட்டிஷ் தரப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை இழந்திருந்தது: இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல்போனவர்கள். சசூனின் கோபத்துக்கு அந்த எண்ணிக்கை போதும். ரஸ்ஸல் தந்தது அதைச் சொல்வதற்கான வழியை மட்டுமே.

திட்டம் எளிமையானது. அறிக்கை அனுப்பப்படும். இராணுவம் அவரைக் கைது செய்யும். இராணுவ நீதிமன்றம் கூடும். நெஞ்சில் வீரப்பதக்க நாடா அணிந்த ஓர் அதிகாரி நீதிபதிகள் முன் நின்று இந்தப் போர் அநியாயமானது என்பார். மறுநாள் நாளிதழ்கள் அதை அச்சிட்டாக வேண்டும்.

காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. மார்ச்சில் ரஷ்யாவில் ஜார் வீழ்ந்திருந்தார். மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பல தாக்குதலுக்குப் போக மறுத்திருந்தன. ஜூன் 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கூடிய மாநாடு, ரஷ்யாவைப் போலத் தொழிலாளர், படைவீரர் மன்றங்கள் இங்கேயும் வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. அந்த ஜூலையில் ஒரு வீரப்பதக்க அதிகாரியின் வழக்கு சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது.

இது சசூனுக்குத் தெரியும். இராணுவத்துக்கும் தெரியும். அதுதான் சிக்கல்.

*

லிவர்பூலுக்கு அருகே லிதர்லாந்து முகாம். உடனே வந்து சேரும்படி தந்தி வந்தது. சசூன் போனார். கைவிலங்கை எதிர்பார்த்தே போயிருப்பார்.

அங்கே அவரை வரவேற்ற தற்காலிகக் கட்டளை அதிகாரி ஒரு நல்ல மனிதர். கோபப்படவில்லை, மிரட்டவில்லை. வருத்தத்தோடு பேசினார், கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொன்னார். காவலில் வைக்காமல் லிவர்பூல் நகரில் ஒரு ஓட்டலில் தங்கியிருக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்.

இந்த அத்தியாயம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. சசூன் மோதுவதற்கு ஒரு சுவரைத் தேடுகிறார். எதிரே வருபவர்கள் எல்லோரும் அவரிடம் அன்பாக இருக்கிறார்கள்.

இராணுவம் எப்போதும் இவ்வளவு மென்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் போரில் களத்தைவிட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனம் காட்டியதாகவும் இதர குற்றங்களுக்காகவும் பிரிட்டிஷ் படை தன் வீரர்கள் 300 பேருக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் அதிகாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் சாதாரணச் சிப்பாய்கள். சசூனுக்குக் கிடைத்த ஓட்டல் அறை, அவருடைய தோள்பட்டை நட்சத்திரத்துக்கும் குடும்பப் பெயருக்கும் பதக்கத்துக்கும் கிடைத்த மரியாதை. தன் கீழிருந்த ஒரு சிப்பாய் இதே கடிதத்தை எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தே இருக்கும்.

ஓட்டலில் நாட்கள் நகர்ந்தன. வேறோர் ஊரில் மருத்துவக் குழு முன் ஆஜராகும்படி உத்தரவும், ரயில் பயண அனுமதிச் சீட்டும் வந்தன. எதற்கு மருத்துவர்கள்? தனக்கு உடம்பில் ஒன்றும் இல்லையே. பொறி அவருக்குப் புரிந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டார், போகவில்லை.

அந்த நாட்களில் அவர் கவிதைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்று பின்னாளில் தன் கதையை நாவல் வடிவில் எழுதியபோது சொல்கிறார். சிறையில் புத்தகம் தரமாட்டார்கள். அதனால் முடிந்தவரை மனத்தில் ஏற்றிக்கொள்வோம் என்ற எண்ணம். சிறைக்குப் போவதில் அவர் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

ஃபார்ம்பி, லிவர்பூலுக்கு வடக்கே உள்ள கடற்கரை. மணல்மேடுகள். மெர்சி ஆறு கடலில் கலக்கும் இடம். லிவர்பூலிலிருந்து மின்சார ரயிலில் போகலாம்.

தனிமை தாங்காமல் ஒரு நாள் அங்கே போனார் சசூன். கைது செய்ய யாரும் வரவில்லை. வழக்கு இல்லை. ஓட்டலில் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. உலகை உலுக்கும் என்று நினைத்த ஒரு செயலைச் செய்த பிறகு எதுவுமே நடக்காமல் இருப்பது கடுமையான தண்டனை. வெறுமையான வானத்தை நோக்கி முஷ்டியை உயர்த்தினார். பிறகு சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவைப் பிய்த்தார். வெள்ளையில் நடுவே ஊதாக் கோடு போட்ட சிறு துணித்துண்டு. ஆற்றின் முகத்துவாரத்தில் வீசினார்.

அது மூழ்கவில்லை. எடையே இல்லாத துணி தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. கொஞ்சம் கனமான பொருளாக இருந்திருந்தால் செயலுக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும் என்று அவரே பின்னர் எழுதினார். குதிரைப் பந்தயத்தில் வென்ற கோப்பை ஒன்று கையில் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தாராம்.

பதக்கத்தையே ஆற்றில் எறிந்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது சரியல்ல. போனது நாடா மட்டுமே. உலோகப் பதக்கம் குடும்பத்தில் தங்கி, 90 ஆண்டுகள் கழித்து, 2007-இல் ஸ்காட்லாந்தின் மல் தீவில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது.

*

அப்போதுதான் ராபர்ட் கிரேவ்ஸ் வந்து சேர்ந்தார்.

முந்தைய பகுதிகளைப் படித்தவர்களுக்கு கிரேவ்ஸ் நன்கு தெரிந்தவர். சசூன் இருந்த அதே ராயல் வெல்ச் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி, கவிஞர், சசூனைவிட ஒன்பது வயது இளையவர். 1916 ஜூலையில் சோம் போரில் படுகாயம் அடைந்து, இறந்துவிட்டதாக வீட்டுக்கே தகவல் போய், பிறகு உயிரோடு திரும்பியவர். அந்தச் சாவுச் செய்தி சசூனைச் சிதைத்திருந்தது.

வைட் தீவில் உடல் தேறிக்கொண்டிருந்த கிரேவ்ஸுக்கு அறிக்கையின் பிரதி கிடைத்தது. படித்தார், பதறினார். போரைப் பற்றிய கருத்தில் அவருக்கும் சசூனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இந்த எதிர்ப்பு எதையும் மாற்றாது, நண்பனை மட்டும் அழித்துவிடும் என்று அவர் நம்பினார். முழுதும் குணமாகாத உடம்போடு, தான் தகுதி பெற்றுவிட்டதாக மருத்துவர்களை ஒப்பவைத்துக் கிளம்பினார். இதற்கிடையே மேலிடத்தில் தெரிந்தவர்களுக்கு எழுதினார்: இதை ஒழுங்குமீறலாகப் பார்க்காதீர்கள், நோயாகப் பாருங்கள்.

மேலிடத்துக்கும் அதுதான் தேவைப்பட்டது.

ஃபார்ம்பி கரையில் இருவரும் நடந்தார்கள். கிரேவ்ஸ் வாதாடினார். சசூன் அசையவில்லை. நீதிமன்றத்தில் நின்றே தீருவேன் என்றார். அப்போது கிரேவ்ஸ் தன் கையில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

உன்னை ஒருபோதும் நீதிமன்றத்தில் நிறுத்தமாட்டார்கள் என்றார். மருத்துவக் குழு முன் ஆஜராக நீ மறுத்தால், போர் முடியும்வரை உன்னைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவைப்பார்கள்; இது முடிவாகிவிட்டது. சத்தியமாகவா என்று கேட்டார் சசூன். கிரேவ்ஸ், கையில் இல்லாத ஒரு பைபிளின் மீது சத்தியம் செய்தார்.

அது பொய். அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டிருக்கவில்லை.

சசூன் பணிந்தார். வழக்கு என்ற மேடைக்காகவே இத்தனையும் செய்தார். மேடையே இல்லை என்றால், அடைபட்ட அறையில் யாருக்கும் கேட்காத குரலாக எஞ்சுவதில் என்ன பயன்? அவர் கோழையாகிவிட்டார் என்று இந்த இடத்தில் எழுதும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதிரி நீட்டிய துப்பாக்கிக்கு அவர் பணியவில்லை. நம்பிய தோழனின் சத்தியத்துக்குப் பணிந்தார்.

கிரேவ்ஸ் செய்தது சரியா? ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். அந்த உயிர் சொல்ல வந்த சொல்லையும் அதே மூச்சில் பறித்தார். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சசூனால் அந்தப் பொய்யை முழுதாக மன்னிக்க முடிந்ததா என்பதை, 1929-இல் கிரேவ்ஸ் தன் வரலாற்றை எழுதி வெளியிடும் பகுதியில் பார்ப்போம்.

*

1917 ஜூலை 20. மருத்துவக் குழு.

கிரேவ்ஸ் சாட்சியாக நின்றார். நண்பனுக்கு மனப்பிரமைகள் வருகின்றன என்றார். லண்டன் தெருக்களில் நடக்கும்போது பிணங்கள் கிடப்பதைப் பார்க்கிறார் என்றார். சொல்லும்போதே மூன்று முறை உடைந்து அழுதார். அது முழுவதும் நடிப்பல்ல. அவருடைய நரம்புகளும் போரில் அறுந்துபோயிருந்தன. நீயே இந்தக் குழுவின் முன் நோயாளியாக நின்றிருக்க வேண்டியவன் என்று உறுப்பினர் ஒருவர் அவரிடம் சொன்னதாக கிரேவ்ஸ் எழுதியிருக்கிறார்.

தீர்ப்பு: நரம்புத் தளர்ச்சி. சிகிச்சைக்காக எடின்பரோவுக்கு அருகே உள்ள கிரெய்க்லாக்ஹார்ட் போர் மருத்துவமனைக்கு அனுப்புக.

கைதியாக நிற்க வந்தவர் நோயாளியாக வெளியே வந்தார். அவரை அழைத்துச் செல்லும் காவல் பொறுப்பு கிரேவ்ஸுக்குத் தரப்பட்டது. கிரேவ்ஸ் ரயிலைத் தவறவிட்டார். மனநலம் குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட அதிகாரி, துணைக்கு ஆளில்லாமல் தனியே ரயிலேறி, ஜூலை 23 அன்று மருத்துவமனை வாசலில் தானே போய் நின்றார்.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 30 அன்று, நார்த்தாம்ப்டன் தொகுதி உறுப்பினர் லீஸ்-ஸ்மித் அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் வாசித்தார். போர்த்துறையின் துணை அமைச்சருக்குப் பதில் தயாராக இருந்தது: அந்தத் துணிச்சல்மிக்க அதிகாரி உடல்நலம் குன்றியிருக்கிறார், மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மறுநாள் 'தி டைம்ஸ்' அறிக்கையை வெளியிட்டது. அதே ஜூலை 31 அதிகாலையில் பெல்ஜியத்தில் மூன்றாம் ஈப்ர போர் தொடங்கியது. பாஷண்டேல் என்று உலகம் நினைவில் வைத்திருக்கும் சேற்றுப் போர் அது. நவம்பர்வரை நீண்டது.

அறிக்கையில் இருந்த குற்றச்சாட்டு எதையும் யாரும் மறுக்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவர் நோயாளி என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது.

*

கிரெய்க்லாக்ஹார்ட் போருக்கு முன் நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த பெரிய கட்டடம். 1916-இல் அதிகாரிகளுக்கான மருத்துவமனையானது. பகலில் கோல்ஃப், டென்னிஸ், தோட்டவேலை. இரவில் வேறு உலகம். குண்டுச் சத்தத்திலும் சாவின் நெருக்கத்திலும் மனம் உடைந்த மனிதர்கள், அக்காலத்தில் 'ஷெல் ஷாக்' என்று சொல்லப்பட்ட நிலையில், உறக்கத்தில் அலறினார்கள். சசூன் அறைக்குள் படுத்து அதைக் கேட்டார்.

அங்கேதான் இந்தத் தொடரின் மிக முக்கியமான மனிதர் வருகிறார்.

கேப்டன் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். வயது 53. மூக்குக்கண்ணாடி, மீசை, லேசான திக்குவாய். மருத்துவர், உளவியலாளர், மானிடவியலாளர். நம் வாசகர்களில் சிலருக்கு இந்தப் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கலாம். நீலகிரியின் தோடர்களைப் பற்றி 1906-இல் வெளிவந்த பெரும் ஆய்வுநூலை எழுதியவர் இவரேதான். 1901-1902 காலத்தில் ஊட்டி மலைகளுக்கு வந்து, தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளையும், எருமைகளையும், பால்மனைச் சடங்குகளையும் ஆராய்ந்தார். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு, அந்தச் சமூகத்தின் வம்சாவளிகளைப் பெயர் பெயராக எழுதியெடுத்தார்.

எதிரே இருப்பவர் சொல்வதை, குறுக்கிடாமல், முழுதாகக் கேட்பது. நீலகிரியில் ரிவர்ஸ் செய்தது அதுதான். கிரெய்க்லாக்ஹார்ட்டிலும் அதையே செய்தார்.

அந்தக் காலத்தில் இது அரிது. லண்டனில் லூயிஸ் யேலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்துக்கொண்டிருந்தார். மறந்துவிடு, ஆண்பிள்ளையாய் இரு என்பதே பெரும்பாலோரின் வைத்தியம். ரிவர்ஸ் எதிர்த் திசையில் போனார். கண்டதை அழுத்திவைப்பதுதான் இரவில் கனவாகத் திரும்பி வருகிறது. அதைப் பகலில் பேசு என்றார்.

சசூனுக்கு முதல் சந்திப்பிலேயே அவரைப் பிடித்துப்போனது. பிற்காலத்தில் அவர் எழுதிய நாவல்களில் கிரேவ்ஸுக்கும் மற்ற நண்பர்களுக்கும், தனக்கும்கூட, மாற்றுப் பெயர் வைத்தார். ரிவர்ஸுக்கு மட்டும் ரிவர்ஸ் என்ற பெயரையே விட்டுவைத்தார்.

வாரத்தில் மூன்று மாலைகள் இருவரும் பேசினார்கள். சசூனிடம் நரம்பு நோயின் அடையாளம் எதையும் ரிவர்ஸால் காண முடியவில்லை. நோய் இல்லாதவருக்கு எதைக் குணப்படுத்துவது? சசூனுக்கு இருந்தது ஒரு கருத்து. அந்தக் கருத்தை அவர் கைவிட்டால் குணமாகிவிட்டார் என்று பொருள், குணமானால் போர்முனை. கைவிடாவிட்டால் நோயாளியாகவே இங்கே பத்திரமாக இருக்கலாம். வெளியே அவருடைய படைவீரர்கள் செத்துக்கொண்டிருக்க, அவர் காலையில் கோல்ஃப் ஆடலாம்.

அந்தப் பாதுகாப்புதான் சசூனை அரித்தது. அவருடைய எதிர்ப்பு தன் வீரர்களுக்காக. இப்போது அதே எதிர்ப்பு அவரை அந்த வீரர்களிடமிருந்து பிரித்து, மெத்தையில் படுக்கவைத்திருக்கிறது. இது ரிவர்ஸுக்கும் தெரியும். சசூனை அவர் மிரட்டத் தேவையில்லை; பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், மீதியைச் சசூனின் மனமே செய்யும். லிதர்லாந்து முகாமின் கட்டளை அதிகாரி அன்பாக இருந்தார், கிரேவ்ஸ் அன்பாக இருந்தார். அவர்கள் எல்லோரையும்விட ஆழமான அன்பு ரிவர்ஸுடையது. அதனாலேயே மிக அபாயமானது.

ஆனால் அந்த அறையில் மாறிக்கொண்டிருந்தவர் ஒருவர் மட்டுமல்ல.

ரிவர்ஸ் இறந்த மறு ஆண்டு, 1923-இல், கனவுகளைப் பற்றிய அவருடைய நூல் ஒன்று வெளிவந்தது. அதில் தன் சொந்தக் கனவு ஒன்றை அவர் ஆராய்கிறார். பெயர் சொல்லாமல் ஓர் எழுத்தால் மட்டும் குறிக்கப்படும் ஒரு நோயாளியோடு அந்தக் கனவுக்குத் தொடர்பு உண்டு. அந்த நோயாளி சசூன். பகலில் சீருடை அணிந்து, போர் கடைசிவரை நடந்தாக வேண்டும் என்று வாதாடிய மருத்துவரின் உறக்கத்துக்குள், நோயாளியின் கேள்வி நுழைந்திருந்தது.

ரிவர்ஸின் வாதம் வென்றால் சசூன் பதுங்குகுழிக்குத் திரும்புவார். அங்கே அவருக்காக ஒரு குண்டு காத்திருக்கலாம். சசூனின் வாதம் வென்றால்? மனிதர்களைத் தேற்றி மீண்டும் போருக்கு அனுப்புவதையே கடமையாக ஏற்ற ஒருவர், தன் நோயாளி சொன்னதுதான் சரி என்று ஒரு நாள் கண்டுகொண்டால், அடுத்த நோயாளியின் கோப்பில் என்ன எழுதிக் கையெழுத்துப் போடுவார்?

(தொடரும்)